விருந்தும் மருந்தும்

வெளிநாடு செல்லும் மகனையோ மகளையோ வழியனுப்பும் நாளில் நம் கத்தோலிக்க இல்லங்களில் நடப்பதை நாம் அனைவரும் அறிவோம். காலையில் திருப்பலி, பின்னர் குருவிடம் ஆசீர், மாலையில் குடும்பமாகச் செபமாலை. பெட்டியில் ஊறுகாயும் பருப்புப்பொடியும் ஏறிவிடும். கடைசியில் தாய் ஒரு சிறு பொட்டலத்தைக் கொண்டுவந்து துணிகளுக்கு நடுவே வைப்பார். காய்ச்சல் மாத்திரை, வயிற்றுவலி மாத்திரை, ஒரு தைலப் புட்டி, வேளாங்கண்ணியிலிருந்து கொண்டுவந்த எண்ணெய் ஆகியவை அதில் இருக்கும். "உடம்பைப் பார்த்துக்கொள்" என்பதே அவர் இறுதியாகச் சொல்லும் சொல். அறியாத ஊரில், மொழி தெரியாத மக்களிடையே பிள்ளை நோயுற்றுக் கிடந்தால் அவனுக்கு யார் கஞ்சி வைத்துக் கொடுப்பார் என்னும் அச்சமே அந்தப் பொட்டலமாக மடிக்கப்பட்டிருக்கிறது.

இந்த அச்சம் விமானப் பயணத்தோடு பிறந்ததன்று. மனிதன் தன் ஊர் எல்லையைக் கடந்த நாள் முதல் அவனோடு நடந்து வருவது. "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். விருந்தினர் அளவறிந்து விடைபெற வேண்டும், மருந்தும் அளவோடு நிற்க வேண்டும் என்பது அதன் பொருள். நல்ல அறிவுரைதான். ஆனால் வந்த விருந்தினரே நோயாளியாகிவிட்டால், அவர் நான்காம் நாளிலும் எழுந்து நடக்க இயலாதவராக இருந்தால், என்ன செய்வது? இந்தக் கேள்விக்குத் திருச்சபை தன் வரலாற்றில் எவ்வாறு விடை சொல்லி வந்தது என்பதை இக்கட்டுரையில் எண்ணிப் பார்ப்போம்.

வழித்துணையான வானதூதர்

பழைய ஏற்பாட்டில் தோபித்து நூல் ஒரு பயணக் கதை. அசீரியர் நாடுகடத்திய இஸ்ரயேலருள் ஒருவரான தோபித்து நினிவே நகரில் பார்வையிழந்து வாழ்கிறார். மேதியா நாட்டில் முன்பொரு காலத்தில் ஒப்படைத்து வைத்த பணத்தை வாங்கிவரத் தம் மகன் தோபியாவை அனுப்ப எண்ணுகிறார். முதலில் அவர் செய்வது என்ன? வழி தெரிந்த, நம்பத்தக்க ஒருவரைத் துணைக்குத் தேடச் சொல்கிறார். அவருக்கு நாளொன்றுக்கு ஒரு திராக்மா கூலி என்று பேசி முடிக்கிறார். தாய் அன்னாவோ, பிள்ளையை ஏன் அனுப்பினீர் என்று கணவரிடம் அழுகிறார். நம் வீட்டு முற்றத்தில் நடப்பது போலவே இருக்கிறதன்றோ?

துணையாக வந்தவர் இரபேல் வானதூதர். "கடவுள் குணமாக்குகிறார்" என்பது அவர் பெயரின் பொருள். திக்ரீசு ஆற்றில் பிடித்த மீனின் பித்தப்பை, இதயம், ஈரல் ஆகியவற்றை மருந்தாக எடுத்து வைக்குமாறு அவர் இளைஞனுக்குக் கற்பிக்கிறார். பயணம் முடிந்து திரும்பிய பின் அந்தப் பித்தமே தந்தையின் கண்களைத் திறக்கிறது. வழிப்போக்கர்களுக்கும் நோயாளிகளுக்கும் ஒரே வானதூதரைப் பாதுகாவலராகத் திருச்சபை கொண்டிருப்பதன் காரணம் இதுவே. பயணமும் நோயும் அருகருகே இருப்பவை என்பதை விவிலியம் அறிந்திருந்தது.

சாவடியும் தீவும்

புதிய ஏற்பாட்டுக்கு வருவோம். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் பாதையில் குற்றுயிராய்க் கிடந்தவரைத் தூக்கிய சமாரியர் தாமும் ஒரு பயணியே. அதுவும் தம் இனத்தாரை வெறுக்கும் மக்களின் நாட்டில் சென்றுகொண்டிருந்தவர். அவர் செய்தவற்றை வரிசையாக நோக்குவோம். முதலில் காயங்களில் திராட்சை மதுவும் எண்ணெயும் வார்த்துக் கட்டினார். அடுத்துத் தம் விலங்கின்மீது ஏற்றிச் சாவடிக்குக் கொண்டுபோனார். அன்றிரவு தாமே கவனித்துக்கொண்டார். மறுநாள் சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவைத் திரும்பி வரும்போது தருவதாக உறுதி கூறினார். முதலுதவி, ஊர்தி, தங்குமிடம், பணிவிடை, செலவுக்குப் பிணை ஆகிய ஐந்தும் இதில் அடங்கியுள்ளன. வெளியூரில் நோயுறும் ஒருவருக்கு இன்றும் இந்த ஐந்துமே தேவை. இவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற நான்கும் தடுமாறும்.

திருத்தூதர் பவுலின் பயணங்களில் நோய் அடிக்கடி தலைகாட்டுகிறது. கலாத்தியருக்கு முதன்முறை நற்செய்தி அறிவித்தது தம் உடல்நலக் குறைவினால் நேர்ந்தது என்று அவரே எழுதுகிறார். பிலிப்பியிலிருந்து உதவி கொண்டுவந்த எப்பப்பிராதித்து சாகும் தறுவாய்வரை நோயுற்றார். திரோப்பிமை நோயாளியாக மிலேத்துவில் விட்டுவர நேர்ந்தது. திமொத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குச் சிறிதளவு திராட்சை மது அருந்துமாறு பவுல் அறிவுரை கூறினார். அவருடன் பயணம் செய்த லூக்கா மருத்துவர் என்பதும் நாம் அறிந்ததே.

கப்பல் உடைந்து 276 பேர் மால்தா தீவில் கரையேறியபோது, மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்குத் தீவு மக்கள் தீ மூட்டி வரவேற்றனர். தீவின் தலைவர் புப்பிலியு அவர்களை மூன்று நாள் விருந்தோம்பினார். நம் பழமொழியின் கணக்கு இங்கே சரியாக இருக்கிறது! ஆனால் அந்த வீட்டில் புப்பிலியுவின் தந்தை காய்ச்சலாலும் வயிற்றுக் கடுப்பாலும் படுத்திருந்தார். பவுல் இறைவேண்டல் செய்து, அவர்மீது கைகளை வைத்துக் குணமாக்கினார். பின்னர்த் தீவின் நோயாளிகள் பலரும் வந்தனர். பயணிகள் மூன்று மாதம் அங்கே தங்கினர். விருந்தளித்தவர் மருந்து பெற்றார். வந்தவர் யார், வரவேற்றவர் யார் என்னும் வேறுபாடு அத்தீவில் மறைந்துபோயிற்று.

பசிலியாரின் நகர்

நோயாளிகளைப் பேணும் ஏற்பாடு கிறித்தவத்துக்கு முன்பே உலகில் இருந்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மனிதருக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ வசதி செய்ததையும் வழிநெடுகக் கிணறு வெட்டி மரம் நட்டதையும் குறிப்பிடுகிறார். அக்கல்வெட்டு சோழ பாண்டிய நாடுகளையும் பெயர் சொல்லிக் கூறுகிறது. உரோமையரும் தம் படைவீரருக்கென மருத்துவ இல்லங்கள் வைத்திருந்தனர். ஆனால் படையைச் சேராத, காசு இல்லாத, ஊர் பெயர் தெரியாத அந்நியனுக்கென ஒரு நிலையான இல்லத்தை ஊருக்கு ஊர் எழுப்பும் வழக்கம் நான்காம் நூற்றாண்டுக் கிறித்தவரிடையே வேர்விட்டது.

அவற்றுள் புகழ்பெற்றது கப்பதோக்கியா நாட்டுச் செசரியா நகருக்கு வெளியே புனித பெரிய பசிலியார் எழுப்பியது. 369-ஆம் ஆண்டையொட்டி அந்நாட்டைக் கடும் பஞ்சம் வாட்டியது. அதனைத் தொடர்ந்து அவர் கட்டிய இல்லங்கள் ஒரு சிற்றூர் போலவே பரந்திருந்தன. ஆளுநருக்கு எழுதிய கடிதமொன்றில் அவ்வில்லங்களைப் பற்றி அவர் விளக்கம் தருகிறார்: வழிப்போக்கராக வரும் அந்நியருக்கும், நோயினால் கவனிப்புத் தேவைப்படுவோருக்கும் தங்குமிடங்கள், பணிவிடையாளர், மருத்துவர், சுமை விலங்குகள், வழித்துணை வருவோர். மருத்துவரும் வழித்துணையும் ஒரே வரிசையில் வருவதைக் கவனியுங்கள். அவருடைய நண்பர் நசியான்சு கிரகோரியார், பசிலியாரின் நினைவுரையில் அவ்விடத்தைப் புதியதொரு நகர் என்றே போற்றினார்.

இப்பணியின் ஆற்றலுக்கு எதிரியின் வாயிலிருந்தே ஒரு சான்று கிடைக்கிறது. கிறித்தவத்தைக் கைவிட்டுப் பழைய தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசர் யூலியான், 362-ஆம் ஆண்டு தம் சமயக் குருக்களில் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், கலிலேயர் தம் ஏழைகளோடு நம் ஏழைகளையும் பேணுகின்றனரே என்று மனம் வெதும்பினார். ஆகவே நகர்தோறும் அந்நியருக்கான விடுதிகளை அமைக்கக் கட்டளையிட்டார்.

உரோமை நகரில் உயர்குடியில் பிறந்த பாபியோலா என்னும் பெண்மணி தம் செல்வத்தை விற்று நோயாளிகளுக்கு ஓர் இல்லம் அமைத்தார். தெருக்களில் கிடந்தோரைத் தாமே தூக்கி வந்து புண்களைக் கழுவினார் என்று புனித எரோணிமுஸ் எழுதி வைத்துள்ளார். பின்னர் பம்மாக்கியுஸ் என்பவரோடு சேர்ந்து, தைபர் ஆறு கடலில் கலக்கும் துறைமுகத்தில் கப்பலில் வந்திறங்கும் அந்நியருக்கென ஒரு விடுதி கட்டினார். பாபியோலா 399-ஆம் ஆண்டு இறந்தார்.

இலத்தீன் மொழியில் 'ஹோஸ்பெஸ்' என்னும் சொல்லுக்கு விருந்தினர், விருந்தளிப்பவர், அந்நியர் என்னும் மூன்று பொருளும் உண்டு. 'ஹாஸ்பிட்டல்' என இன்று நாம் வழங்கும் சொல் அதிலிருந்தே பிறந்தது. தமிழிலும் 'விருந்து' என்பதன் பழம்பொருள் புதுமை. தொல்காப்பியத்திலும் அப்பொருள் காணப்படுகிறது. முன்பின் அறியாத புதியவர் வருவதே விருந்து. இந்தப் பொருளை மறந்துவிட்டு, அறிந்த உறவினருக்கு இலை போடுவதையே விருந்து என எண்ணிப் பழகிவிட்டோம்.

ஆண்டவர்களான நோயாளிகள்

ஆறாம் நூற்றாண்டில், ஆசீர்வாதப்பர் என நம் முன்னோர் அழைத்த புனித பெனடிக்ட், வரும் விருந்தினர் அனைவரையும் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் எனத் தம் துறவியருக்கு விதித்தார். அது முதல் ஐரோப்பாவின் பயணப் பாதைகளில் துறவற மடங்களே சத்திரங்களாகவும் மருத்துவ இல்லங்களாகவும் விளங்கின. ஆல்ப்ஸ் மலையில் 2469 மீட்டர் உயரத்திலுள்ள கணவாயில், பதினோராம் நூற்றாண்டில் புனித பெர்நார்து நிறுவிய விடுதி, பனியில் சிக்கிய பயணிகளைப் பல நூற்றாண்டுகள் காத்து வந்தது.

திருநாட்டுக்குச் செல்லும் திருப்பயணிகளின் நிலை மேலும் கடினமானது. மாதக்கணக்கில் நடந்தும் கப்பலேறியும் எருசலேமை அடைந்தபோது பலர் உடல் நலிந்திருந்தனர். 1070-ஆம் ஆண்டளவில் இத்தாலியின் அமால்பி நகர வணிகர்கள் அங்கே நிறுவிய விடுதி, அருட்சகோதரர் ஜெரார்து என்பவரின் பொறுப்பில் வளர்ந்தது. திருத்தந்தை இரண்டாம் பாஸ்கால் 1113-ஆம் ஆண்டு அதனைத் தம் பாதுகாப்பில் ஏற்றார். புனித யோவான் மருத்துவ சபை என்பது அதுவே. பின்னாளில் அது படைக்கலம் ஏந்திய வரலாறும் உண்டு. ஆயினும் அதன் வேர் நோயாளியின் கட்டிலருகே இருந்தது.

அச்சபை 1182-ஆம் ஆண்டு வகுத்த விதிகள் இன்றும் வியப்பூட்டுகின்றன. நோயாளிகளை அவை 'நம் ஆண்டவர்கள்' என்று அழைக்கின்றன. நான்கு மருத்துவர்கள் இருக்க வேண்டும். கட்டில்கள் உடல் ஓய்வுக்கு ஏற்ற நீளமும் அகலமும் கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலுக்கும் தனித்தனி விரிப்பும் போர்வையும் வேண்டும். இரவில் ஒதுங்கச் செல்லும் நோயாளி குளிரில் வாடாதபடி மேலங்கியும் காலணியும் கம்பளித் தொப்பியும் தர வேண்டும். திருப்பயணம் வந்த பெண்கள் அங்கே குழந்தை பெற்றால், குழந்தை தனியே உறங்கச் சிறு தொட்டில் அமைக்க வேண்டும். வெளிநாட்டுக் கர்ப்பிணியின் தேவையைக்கூட ஒரு துறவற சபை விதியாக எழுதி வைத்தது என்பது எண்ணி மகிழத்தக்கது. இசுலாமியரும் யூதரும்கூட அவ்வில்லத்தில் ஏற்கப்பட்டனர் என்று அக்காலக் குறிப்பு ஒன்று கூறுகிறது. 1187-ஆம் ஆண்டு சலாவுதீன் எருசலேமைக் கைப்பற்றியபோது, நோயாளிகளைக் கவனிக்கச் சில சகோதரர்கள் சிறிது காலம் தங்கியிருக்க இசைவளித்தார் என்பதையும் இங்கே நன்றியோடு நினைவுகூர்கிறோம்.

உரோமையிலும் இப்பணி தொடர்ந்தது. 1550-ஆம் ஆண்டு யூபிலிக்கு வந்த திருப்பயணிகளைப் புனித பிலிப்பு நேரியாரின் குழுவினர் வரவேற்றுப் பாதங்களைக் கழுவினர். மருத்துவமனையிலிருந்து வெளியேறியும் ஊர் திரும்ப வலுவில்லாதிருந்தோரையும் அவர்கள் தங்கவைத்துப் பேணினர்.

அடைக்கப்பட்ட கதவு

இந்த வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து வருபவன் நோயாளி ஆகலாம். அவனே நோயைக் கொண்டும் வரலாம். பதினான்காம் நூற்றாண்டின் கொள்ளைநோய்க்குப் பின், 1377-ஆம் ஆண்டு இரகூசா நகரம், நோய் பரவிய இடங்களிலிருந்து வருவோரை முப்பது நாள் புறத்தே தங்க வைத்தது. வெனிசு நகரம் 1423-ஆம் ஆண்டு ஒரு தீவில் கொள்ளைநோய்க்கான மருத்துவமனையை அமைத்தது. நாளடைவில் முப்பது நாற்பதாயிற்று. 'குவாரண்டைன்' என்னும் சொல் இத்தாலிய மொழியில் நாற்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. இது தேவையான முன்னெச்சரிக்கையே. ஆனால் அச்சம் அறிவைக் கடந்தபோது அந்நியன் பகைவனாகத் தோன்றினான்.

ஆரோக்கியநாதர் என நம் மக்கள் அன்போடு அழைக்கும் புனித ரோக்கின் வரலாறு இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. உரோமைக்குத் திருப்பயணம் சென்ற அவர், வழியில் கொள்ளைநோய் கண்டவர்களுக்குப் பணிவிடை செய்தார். பின்னர்ப் பியாசென்சா நகரில் தாமே நோய்வாய்ப்பட்டுக் காட்டில் ஒதுங்கினார். ஒரு நாய் நாள்தோறும் அவருக்கு அப்பம் கொண்டுவந்தது என்பது மரபு. நம் சிற்றூர்க் கெபிகளில், தொடையில் புண்ணும் அருகில் நாயுமாக நிற்கும் அச்சுரூபத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வெளிநாட்டில் நோயுற்ற ஒரு பயணியின் சுரூபம் அது என்பதை எத்தனை முறை நினைத்திருக்கிறோம்?

கடல்வழியே

கடற்பயணம் தொடங்கியபோது துன்பம் பெருகிற்று. வாஸ்கோ ட காமா 1498-ஆம் ஆண்டு இந்தியாவிலிருந்து திரும்பியபோது, அரபிக் கடலைக் கடக்க ஏறத்தாழ மூன்று மாதமாயிற்று. ஈறுகள் வீங்கி, கால்கள் வீங்கி, முப்பது பேர் அக்கடலில் மாண்டனர். பச்சைக் காய்கனிகள் கிட்டாததால் வரும் 'ஸ்கர்வி' என்னும் நோய் அது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் கிடைத்த ஆரஞ்சுப் பழங்களை நோயாளிகள் விரும்பிக் கேட்டனர். ஆயினும் பழச்சாறு அந்நோயைத் தீர்க்கும் என்பதை 1747-ஆம் ஆண்டு ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் மருத்துவர் சோதனை செய்து காட்டும்வரை, கடலில் செத்தவர் எண்ணற்றோர்.

இப்பாதையில்தான் நம் புனித பிரான்சிஸ் சவேரியாரும் வந்தார். 1541-ஆம் ஆண்டு ஏப்ரல் 7 அன்று, தம் முப்பத்தைந்தாம் பிறந்த நாளில், லிஸ்பனிலிருந்து கப்பலேறினார். முதல் இரண்டு மாதம் அவருக்கே கடல்நோய். கினியாக் கரையருகே காற்றின்றிக் கப்பல் பல நாள் நின்றுவிட்டது. இத்தனைக்கும் இடையே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்வதைத் தம் முதல் மறைப்பணியாக மேற்கொண்டார். மொசாம்பிக் தீவில் பருவக்காற்றுக்காகப் பல மாதம் காத்திருந்தபோது அங்கிருந்த மருத்துவமனையில் பணியாற்றி, தாமும் கடுங்காய்ச்சலில் விழுந்தார். 1542-ஆம் ஆண்டு மே 6 அன்று கோவா சேர்ந்ததும் அவர் தங்குவதற்குத் தேர்ந்துகொண்ட இடம் மருத்துவமனை. முத்துக்குளித்துறைக்கு அவர் வந்தது அதற்குப் பின்னரே. நம் கரைக்கு விசுவாசத்தைக் கொண்டுவந்தவர் ஒரு நோயாளியாகவும் நோயாளிகளின் ஊழியராகவுமே வந்தார்.

கோவாவின் அரச மருத்துவமனையைப் பற்றி பிரான்சுவா பிரார் என்னும் பிரெஞ்சுப் பயணி எழுதி வைத்துள்ளார். 1602-ஆம் ஆண்டு மாலத்தீவில் கப்பல் உடைந்து, ஆண்டுக்கணக்கில் அல்லலுற்று, கைதியாகவும் நோயாளியாகவும் 1608-ஆம் ஆண்டு கோவா சேர்ந்தவர் அவர். பகை நாட்டவராகிய அவரை அம்மருத்துவமனை ஏற்றுக்கொண்டது. உலகிலேயே சிறந்த மருத்துவமனை இதுதான் என்று அவர் அதனைப் புகழ்ந்தார். எனினும் அது பெரும்பாலும் போர்த்துக்கீசியப் படைவீரருக்காகவே இருந்தது. இந்நாட்டு மக்களுக்கு அதன் கட்டில்கள் உரியனவாக இல்லை.

அதே கோவாவில் வாழ்ந்த கார்சியா த ஓர்த்தா என்னும் மருத்துவரையும் மறத்தலாகாது. 1534-ஆம் ஆண்டு இந்தியா வந்த அவர், இந்நாட்டு மூலிகைகளையும் நோய்களையும் உள்நாட்டு வைத்தியர்களிடம் கேட்டறிந்து, 1563-ஆம் ஆண்டு கோவாவில் நூலாக அச்சிட்டார். அவர் யூத வழிவந்த கிறித்தவர். அவர் இறந்த பின், 1580-ஆம் ஆண்டு, சமய விசாரணை மன்றம் அவர் எலும்புகளைத் தோண்டி எடுத்து எரித்தது. வந்த நாட்டிலும் சொந்தத் திருச்சபையிலும் அவர் அந்நியராகவே நடத்தப்பட்டார். பசிலியாரையும் பாபியோலாவையும் பெருமையோடு நினைக்கும் நாம் இதனையும் தலைகுனிந்து நினைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

புன்னைக்காயலும் சான்சியனும்

நம் கரையில் நடந்தது மனத்துக்கு ஆறுதல் தருகிறது. அண்டிரிக் அடிகளார் என்று நாம் போற்றும் என்ரிக்கே என்ரீக்கஸ், சவேரியாருக்குப் பின் முத்துக்குளித்துறையில் அரை நூற்றாண்டுக் காலம் உழைத்தவர். 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலை அச்சில் ஏற்றிய பெருமையால் அவரை அறிவோம். அவர் 1550-ஆம் ஆண்டளவில் புன்னைக்காயலில் ஒரு மருத்துவமனை அமைத்தார் என்பது பலர் அறியாதது. அங்கே அந்நியர் அவரே. விருந்தாக வந்தவர், தம்மை ஏற்ற மக்களுக்கு மருந்து தரும் இல்லத்தை எழுப்பினார். மால்தாத் தீவில் நடந்ததே தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திலும் நடந்தது.

சவேரியாரின் முடிவோ வேறு. சீன நாட்டினுள் நுழையும் ஆவலோடு சான்சியன் தீவில் காத்திருந்தவர் 1552-ஆம் ஆண்டு நவம்பரில் காய்ச்சலுற்றார். கப்பலுக்குக் கொண்டுசென்றனர், அலையின் ஆட்டத்தைத் தாங்க இயலாமல் கரைக்கே திரும்பினார். இரத்தம் வெளியேற்றும் அக்கால மருத்துவம் அவரை மேலும் தளர்த்தியது. டிசம்பர் 3 அன்று, ஓலைக் குடிசை ஒன்றில், அந்தோனியோ என்னும் சீன இளைஞர் அருகிருக்க, நாற்பத்தாறாம் வயதில் உயிர்நீத்தார். எத்தனையோ நோயாளிகளின் தலைமாட்டில் விழித்திருந்தவருக்கு மருத்துவமனையோ மருத்துவரோ வாய்க்கவில்லை. ஆனால் ஒருவர் விழித்திருந்தார். மருந்து கைவிட்ட இடத்தில் விருந்து எஞ்சி நின்றது.

இன்றைய பயணிக்கு

இறைவன் காப்பார் என்று முன்னேற்பாடின்றிப் புறப்படுவது விசுவாசம் ஆகாது; தோபித்து வழித்துணையைத் தேடிய பின்னரே மகனை அனுப்பினார். ஆகவே திருநாட்டுக்கோ உரோமைக்கோ லூர்து நகருக்கோ செல்வோருக்கும், வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளுக்கும் சில சொற்கள். ஐரோப்பாவின் செங்கன் நாடுகளுக்குக் குறுகிய காலப் பயணமாகச் செல்வோர் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். மற்ற நாடுகளுக்கும் எடுப்பதே நன்று. வளைகுடா நாடுகளுக்குக் குடியேற்ற அனுமதி பெற்றுச் செல்லும் தொழிலாளருக்குப் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' என்னும் அரசுக் காப்பீடு உண்டு. அதன் தாளை முகவரிடம் கேட்டு வாங்கிக் கையில் வைத்திருங்கள். ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா ஆகிய கண்டங்களின் சில நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று தேவை. ஊசி போட்ட பத்து நாளுக்குப் பின்னரே அது செல்லும்.

அன்றாட மருந்துகளை மருத்துவர் எழுதித் தந்த சீட்டோடு கைப்பையில் வையுங்கள். நம் ஊரில் எளிதில் கிடைக்கும் சில இருமல், வலி மருந்துகள் வளைகுடா நாடுகள் சிலவற்றில் தடை செய்யப்பட்டவை என்பதால் முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள். வயிற்றுப்போக்கு கண்டால், ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துப் பருகுங்கள். இரத்த வகை, ஒவ்வாத மருந்து, உறவினரின் தொலைபேசி எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கடவுச்சீட்டோடு வையுங்கள். கடலோடிகளுக்கு, 1920-ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் தொடங்கப்பெற்ற 'ஸ்டெல்லா மாரிஸ்' என்னும் திருச்சபைப் பணி உலகின் பல துறைமுகங்களில் துணை நிற்கிறது. மருத்துவமனையில் கிடக்கும் கடலோடிகளைச் சென்று காண்பதும் அதன் பணியே.

இத்தனை செய்தும், ஒரு நாள் உலகமே கதவடைக்கும் என்பதை 2020-ஆம் ஆண்டு கண்டோம். ஈரான் நாட்டில் மீன்பிடித் தொழிலுக்குச் சென்ற நம் கடற்கரை மக்கள் மாதக்கணக்கில் படகுகளிலேயே தவித்தனர். அவ்வாண்டு ஜூலை 1 அன்று 'ஜலஷ்வா' என்னும் இந்தியக் கடற்படைக் கப்பல் அந்நாட்டிலிருந்து 687 பேரைத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கொண்டுவந்து சேர்த்தது. அதே ஆண்டில், நம் ஊர்களில் வேலை செய்த வடமாநிலத் தொழிலாளர் பலர் தம் ஊர் நோக்கி நெடுஞ்சாலைகளில் நடந்தனர். முதற்செய்திக்காக நாம் செபமாலை சொன்னோம். இரண்டாவது நம் வாசல் வழியே நடந்து சென்றது.

நம் வாயிலில்

இவ்விடத்தில் நம் குறை ஒன்றைச் சொல்லாமல் முடிப்பது நேர்மையாகாது. சில ஆண்டுகளுக்கு முன், நாம் பணியாற்றிய பங்கில் ஒரு மழை இரவு. கட்டட வேலைக்கு வந்த இளைஞர் இருவர் பங்குக் குருவின் இல்லத்துக்கு வந்தனர். ஒருவன் மற்றவனைத் தாங்கிப் பிடித்திருந்தான். நமக்கு இந்தி தெரியாது. தாங்கி நின்றவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல் 'காய்ச்சல்'. நடுங்கிக்கொண்டிருந்தவன் கழுத்திலிருந்த சிலுவையை எடுத்துக் காட்டினான், ஜார்க்கண்ட் என்றான். நாம் நான்கைந்து மாத்திரைகளும் இரண்டு நூறு ரூபாய்த் தாள்களும் கொடுத்து, காலையில் வருமாறு கைச்சைகையால் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டோம். காலையில் எவரும் வரவில்லை. திருப்பலிக்குப் பின் விசாரித்தபோது, மேற்பார்வையாளர் அவனை இரவோடு இரவாக இரயிலில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அவன் ஊர் சேர்ந்தானா என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது.

சமாரியரும் இரண்டு தெனாரியம் கொடுத்தார். நாமும் இரண்டு தாள்கள் கொடுத்தோம். அவரோ காயத்தைக் கட்டி, தூக்கிச் சென்று, ஓர் இரவு உடனிருந்த பின் கொடுத்தார். நாம் உடனிருப்பதற்குப் பதிலாகக் கொடுத்தோம். இறுதித் தீர்வையின்போது, அந்நியராக வந்தேன், நோயுற்றிருந்தேன் என்று ஆண்டவர் கேட்கப்போகும் கேள்விகள் இரண்டும் அவ்விரவில் ஒரே ஆளின் உருவில் நம் வாயிற்படியில் நின்றன.

அடுத்த ஞாயிறன்று இதனை மறையுரையில் மக்களிடம் ஒளிக்காமல் சொன்னோம். அதன்பின் நடந்தவை எளியவை. இந்தி தெரிந்த நால்வரின் தொலைபேசி எண்கள் பங்குப் பலகையில் எழுதப்பட்டன. ஆட்டோ ஓட்டும் ஒருவர் எந்நேரமும் அரசு மருத்துவமனைக்கு ஏற்றிச் செல்ல முன்வந்தார். பங்கு மண்டபத்தின் பின்னறையில் இரண்டு கட்டில்கள் போடப்பட்டன. மரியாயின் சேனைப் பெண்கள் முறைவைத்துக் கஞ்சி கொண்டுவந்தனர். நாம் மாற்றலாகி வரும்வரை பதினொரு பேர் அந்தக் கட்டில்களில் படுத்தெழுந்து சென்றனர். அவர்களுள் கிறித்தவர் இருவரே. மூன்று நாளில் எழுந்தவரும் உண்டு. மூன்று வாரம் கிடந்தவரும் உண்டு.

நம் பிள்ளை துபாயிலோ தோஹாவிலோ மிலானிலோ காய்ச்சலோடு ஒரு கதவைத் தட்டும்போது அது திறக்க வேண்டும் என்று மன்றாடுகிறோம். ஜார்க்கண்டில் ஒரு தாயும் தன் மகனின் துணிகளுக்கு நடுவே ஒரு பொட்டலத்தை வைத்து, இதே மன்றாட்டோடுதான் அவனை அனுப்பியிருப்பாள். அவளுடைய மன்றாட்டுக்கு விடை சொல்லும் பொறுப்பை இறைவன் நம்மிடம் விட்டிருக்கிறார். இன்றிரவு நம் கதவு தட்டப்பட்டால், எழுந்து திறப்போம்.